விபத்துக்குப் பின் தீராத நரம்பு வலி: தண்டுவடத் தூண்டல் சிகிச்சைக்கு மலைவாழ் மக்களுக்கான முழுமையான வழிகாட்டி

எலும்பு கூடிவிட்டது, தையல் ஆறிவிட்டது, எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்ட பிறகும் கால் தீயாய் எரிகிறது என்று ஒருவர் அழுதால், அதை வீட்டார் நம்புவதற்கே பல மாதங்கள் ஆகின்றன. கோத்தகிரிப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் நான் இப்படிப்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்தவர்கள், காட்டெருமை முட்டியவர்கள், கொண்டை ஊசி வளைவில் வண்டி கவிழ்ந்து நரம்பு நசுங்கியவர்கள் எனப் பலர் வருகிறார்கள். அவர்களில் சிலரிடம் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ உள்ள வலி நிவாரண மருத்துவர் தண்டுவடத் தூண்டல் என்ற சிகிச்சையைப் பற்றிச் சொல்லி அனுப்புகிறார். அந்தச் சொல்லைக் கேட்ட நாள் முதல், கருவி உடலுக்குள் அமர்ந்து பல ஆண்டுகள் கழியும் வரை, நீலகிரியிலோ பழனி மலையிலோ வாழும் ஒருவர் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் மருத்துவரின் முடிவுக்கு இது மாற்றாகாது. அவர் முன் நீங்கள் தயாராக உட்கார இது உதவும்.

இந்தச் சிகிச்சை என்ன செய்கிறது

பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் எபிடியூரல் ஊசி போடுவதைப் பலர் அறிவார்கள். தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் உறைக்கு வெளியே, முதுகெலும்புக்குள் உள்ள அதே இடைவெளியில் ஒன்று அல்லது இரண்டு மெல்லிய மின்கம்பிகளை வைத்து, தோலுக்கு அடியில் புதைத்த சிறு பேட்டரிப் பெட்டியிலிருந்து மிகக் குறைந்த மின்துடிப்புகளை அனுப்புவதே இந்தச் சிகிச்சை. தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படும்போது, வலிச் செய்தி தண்டுவடத்தில் மேலே ஏறுவது தடுக்கப்படும் என்ற கருத்தை ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவரும் 1965-இல் வெளியிட்டார்கள். அதையொட்டி 1967-இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இப்படிப்பட்ட கருவியைப் பொருத்தினார்.

கருவி நரம்பைக் குணப்படுத்தாது, மரத்துப்போன தோலுக்கு உணர்ச்சியைத் திருப்பித் தராது, செயலிழந்த தசையை அசைக்காது. முதுகில் மின்கருவி பொருத்தியதால் நடக்க முடியாதவர் நடந்தார் என்ற செய்தியைப் படித்துவிட்டு நம்பிக்கையோடு வருபவர்களிடம் நான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் லூயிவில், சுவிட்சர்லாந்தின் லோசான் போன்ற இடங்களில் நடக்கும் அந்த ஆராய்ச்சிகளின் நோக்கமும் முறையும் வேறு. இங்கே நாம் பேசுவது வலியைக் குறைப்பதற்கான சிகிச்சையைப் பற்றி மட்டும்தான்.

முதல் படி: உங்கள் வலி நரம்பு வலிதானா

எரிச்சல், ஷாக் அடிப்பது போன்ற சுரீர் வலி, மதமதப்பு, ஊசி குத்தல், கம்பளி மேலே பட்டாலே உயிர் போவது போன்ற வேதனை, குளிர்காற்று பட்டதும் குடைச்சல் ஆகியவை நரம்பு வலியின் அடையாளங்கள். நடந்தால் மட்டும் மூட்டில் வலித்து, உட்கார்ந்தால் அடங்கும் வலி பெரும்பாலும் வேறு வகையானது, அதற்கு இந்தக் கருவி பயன்படாது. டி.என்.4 என்ற பத்து அம்சக் கேள்வித்தாளில் நான்கு அல்லது அதற்கு மேல் ‘ஆம்’ வந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சில நிமிடங்களில் செய்துவிடுவார்கள்.

அடுத்து, காயம் எங்கே என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் பலன் அதையே பெரிதும் சார்ந்திருக்கிறது. கை அல்லது காலில் உள்ள நரம்பு அடிபட்டு வந்த வலிக்கும், காயத்துக்குப் பிறகு கை கால் வீங்கி நிறம் மாறி வியர்த்து எரியும் சி.ஆர்.பி.எஸ். என்ற நிலைக்கும் இந்தச் சிகிச்சை பொருத்தமானதாகக் கருதப்படுகிறது. இருசக்கர வண்டி விபத்தில், கைக்குச் செல்லும் கழுத்து ஓரத்து நரம்புப் பின்னலின் வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்து வந்திருந்தால், தூண்டப்பட வேண்டிய இழைகளே அழிந்திருக்கும் என்பதால் பலன் குறைவு. அத்தகையவர்கள் வேர் நுழையும் இடத்திலேயே செய்யப்படும் ‘ட்ரெஸ்’ அறுவை சிகிச்சையைப் பற்றி நரம்பியல் அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். தண்டுவடமே முழுமையாக அறுபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே உள்ள வலி இந்த முறைக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை.

அறுபட்ட நரம்பைச் சேர்க்கும் அறுவை சிகிச்சைக்குக் காலக்கெடு உண்டு. கழுத்துப் பின்னல் காயங்களில் அதைப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் செய்வதே நல்லது. மலையில் இருப்பவர்கள் எண்ணெய் தேய்த்து, கட்டுப்போட்டு, ‘தானாகச் சரியாகும்’ என்று காத்திருந்து அந்தக் காலத்தை இழப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. கை தூக்க முடியவில்லை என்றால் வலியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே நரம்பு சேர்ப்பதைப் பற்றிக் கேளுங்கள்.

இரண்டாம் படி: எளிய வழிகளை முறையாகச் செய்து பார்த்தல்

காபாபென்டின், பிரகாபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின் ஆகியவையே நரம்பு வலிக்கு முதலில் தரப்படும் மருந்துகள். இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு ‘கேட்கவில்லை’ என்று நிறுத்துவது சோதித்துப் பார்த்ததாகாது. மருத்துவர் சொன்னபடி அளவைப் படிப்படியாக உயர்த்திச் சில வாரங்கள் எடுக்க வேண்டும், நிறுத்தும்போதும் படிப்படியாகவே நிறுத்த வேண்டும். இவை தூக்கத்தையும் தலைசுற்றலையும் தரக்கூடியவை. சரிவில் கொழுந்து பறிப்பவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் அதைத் தங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவற்றோடு தோலை மெல்ல மெல்லத் தொடுதலுக்குப் பழக்கும் பயிற்சி, நல்ல கை காலின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி செய்யும் கண்ணாடிப் பயிற்சி, தோலின் மேல் ஒட்டி மெல்லிய மின்துடிப்பு தரும் டென்ஸ் கருவி, தேவைப்பட்டால் நரம்புத் தடை ஊசி ஆகியவையும் உண்டு. இவற்றையெல்லாம் சில மாதங்கள் ஒழுங்காகச் செய்தும் வாழ்க்கை முடங்கியே இருக்கிறது என்றால்தான் அடுத்த படி. ஆனால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் சரியன்று, ஏனெனில் வலி பழகப் பழக அதைக் குறைப்பது கடினமாகிறது.

மூன்றாம் படி: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், தோலிலோ உடலிலோ கிருமித்தொற்று இருப்பவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோர் அதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் வலி மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது. புகைப்பழக்கம் தொற்று வரும் வாய்ப்பைக் கூட்டுவதால் அதை இப்போதே விட வேண்டும். முதுகின் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கம்பி நுழைய இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால், நம் வலியைப் பொய் என்று நினைக்கிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். கவனிக்கப்படாத மனச்சோர்வு பலனைக் குறைக்கும் என்பதாலேயே அந்தச் சந்திப்பு ஏற்பாடு செய்யப்படுகிறது.

எந்த வகைத் தூண்டல் என்றும் கேளுங்கள். பழைய முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 40 முதல் 60 துடிப்புகள் செல்லும், வலித்த இடத்தில் மெல்லிய விறுவிறுப்பு தெரியும். விநாடிக்கு 10,000 துடிப்புகள் அனுப்பும் முறையில் எந்த உணர்வும் தெரியாது. பாதம் போன்ற சிறிய இடத்தில் மட்டும் வலி இருப்பவர்களுக்கு, தண்டுவடத்துக்குப் பதிலாக அதன் பக்கவாட்டில் உள்ள நரம்பு முடிச்சைத் தூண்டும் முறையும் உண்டு. கீழ்உடலின் சி.ஆர்.பி.எஸ். வலிக்கு அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்ற அந்த முறை, 2017-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் மூன்றாம் மாதத்தில் 81.2 விழுக்காட்டினருக்குப் பலன் தந்தது. வழக்கமான தண்டுவடத் தூண்டலில் அது 55.7 விழுக்காடாக இருந்தது. நீங்கள் செல்லும் மருத்துவமனையில் எந்த முறை கிடைக்கிறது, அந்தக் குழு அதில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறது என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

செலவைப் பற்றியும் இதே சந்திப்பில் பேசிவிட வேண்டும். கருவி மட்டுமே பல லட்சம் ரூபாய் ஆகும். சோதனைக் கட்டத்துக்குத் தனியாக எவ்வளவு, கருவிக்கு எவ்வளவு, பேட்டரி மாற்ற எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலோ உங்கள் தனியார் காப்பீட்டிலோ இது அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தாகக் கேளுங்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தால், எதிர்கால மருத்துவச் செலவு என்ற இனத்தில் இதைக் காட்ட முடியுமா என்று வழக்கறிஞரிடம் இப்போதே பேசுங்கள். தீர்ப்பு வந்த பிறகு கேட்பது மிகக் கடினம்.

நான்காம் படி: சோதனை நாட்கள்

கருவியை நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன், கம்பியை மட்டும் வைத்து, பெட்டியை இடுப்பில் வெளியே கட்டிக்கொண்டு, பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்கள் பார்ப்பார்கள். வேறு எந்த அறுவை சிகிச்சையிலும் நோயாளிக்கு இப்படி முன்கூட்டியே பலனைப் பார்த்துவிட்டு ‘வேண்டாம்’ என்று சொல்லும் வாய்ப்பு கிடைப்பது அரிது. ஆகவே இந்த வழிகாட்டியில் இந்தப் படிக்கே அதிக இடம் தருகிறேன்.

குப்புறப் படுக்க வைத்து, முதுகை மரக்கச் செய்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசி வழியாகக் கம்பியைச் செலுத்துவார்கள். கால் வலி என்றால் கம்பியின் நுனி பெரும்பாலும் நடுமுதுகின் கீழ்ப்பகுதியிலும், கை வலி என்றால் கழுத்துப் பகுதியிலும் நிற்கும். பழைய முறைத் தூண்டலில் இடையில் உங்களிடம் பேசி, விறுவிறுப்பு எங்கே தெரிகிறது என்று கேட்பார்கள். வலிக்கும் இடத்தின் மேலே அது சரியாகப் படர்கிறதா என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். ‘சரி சரி’ என்று மரியாதைக்காகத் தலையாட்டினால் நட்டம் உங்களுக்குத்தான்.

வலி பாதியாகக் குறைந்தால் சோதனை வெற்றி என்பது பொதுவான அளவுகோல். ஆனால் எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் சி.ஆர்.பி.எஸ். நோயாளிகளிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சைக்குத் தேர்வான 36 பேரில் 24 பேருக்கே சோதனை வெற்றி பெற்றுக் கருவி பொருத்தப்பட்டது. ஆறு மாதத்தில் அவர்களுடைய வலி நன்றாகவே குறைந்திருந்தது, ஆனால் கை கால்களின் செயல்திறன் கூடவில்லை. வலி குறைவதும் வேலை செய்ய முடிவதும் தனித்தனியானவை என்பதால், இரண்டையும் நீங்களே அளக்க வேண்டும்.

பச்சைத்தேயிலை ஏற்றிச் சென்ற பிக்கப் வண்டி கவிழ்ந்து இடது காலின் பெரிய நரம்பு அடிபட்ட ஓட்டுநர் ஒருவர் என்னிடம் பயிற்சிக்கு வந்தார். சாலையிலிருந்து அவர் வீட்டுக்கு ஐம்பத்து மூன்று படிகள். அவருக்கு நாங்கள் செய்த ஏற்பாட்டையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டில், சோதனைக்கு முந்திய ஏழு நாட்களும் எழுதத் தொடங்கினோம். எத்தனை மணி நேரம் தூங்கினார், எத்தனை படி ஏறியதும் நின்றார், செருப்பு போட்டுக்கொள்ள முடிந்ததா, போர்வை காலில் பட்டதைப் பொறுக்க முடிந்ததா, வலி பத்துக்கு எத்தனை என்று ஐந்தே கேள்விகள். கருவி வந்த பிறகும் அதே ஐந்து கேள்விகளைத்தான் எழுதினார். ஊசி குத்திய இடத்தின் வலி முதல் இரண்டு நாள் குழப்பும் என்பதால், அந்த நாட்களின் எண்களுக்கு அதிக எடை கொடுக்கவில்லை.

மலையிலிருந்து செல்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோயம்புத்தூர் சமவெளியில் இருக்கிறது. குளிரில் அதிகமாகும் வலி உள்ளவர் கீழே இறங்கியதுமே, கருவி இல்லாமலேயே ஓரளவு நிம்மதி அடைவார். அந்த நிம்மதியைக் கருவியின் கணக்கில் எழுதிவிட்டால், பல லட்சம் செலவழித்து மேலே திரும்பிய முதல் உறைபனி இரவிலேயே ஏமாற்றம் காத்திருக்கும். முடிந்தால் இரண்டு நாள் முன்னதாகவே இறங்கித் தங்கி, அந்த இரண்டு நாளின் வலியையும் நோட்டில் எழுதுங்கள். கடைசி நாட்களில், சிகிச்சைக் குழுவின் சம்மதத்தோடு அரை நாள் கருவியை நிறுத்திப் பாருங்கள். நிறுத்திய பிறகும் பலன் சிறிது நேரம் நீடிக்கும் என்பதால் ஐந்து நிமிடத்தில் முடிவு கட்ட வேண்டாம். அந்த ஓட்டுநர் கீழே இறங்கியதுமே வலி எட்டிலிருந்து ஆறாகக் குறைந்தது. கருவி வேலை செய்தபோது மூன்றாயிற்று. நிறுத்திய மாலையில் இரவு உணவுக்குள் மறுபடி ஆறுக்கு ஏறியது. அதன் பிறகே அவர் சம்மதித்தார்.

சோதனை முடியும் வரை கீழேயே தங்குவது நல்லது. மிக அரிதாகக் கம்பி வைத்த இடத்தில் இரத்தம் கட்டித் தண்டுவடத்தை நசுக்கலாம். கால்கள் புதிதாகப் பலவீனமாவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, முதுகில் திடீரெனக் கடும் வலி ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும். மண்சரிவால் சாலை அடைபட்ட இரவில் மலைமேல் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தினர் வடகிழக்குப் பருவமழை மாதங்களையும், கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தினர் தென்மேற்குப் பருவமழை மாதங்களையும் தவிர்த்துத் தேதி கேளுங்கள். காய்ச்சல், கட்டுப் போட்ட இடத்தில் சீழ், எழுந்து உட்கார்ந்தால் பிளக்கும் தலைவலி ஆகியவற்றையும் உடனே தெரிவிக்க வேண்டும். இந்த நாட்களில் குளிக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: நிரந்தரமாகப் பொருத்துதல்

கம்பியை உறுதியாகத் தைத்து, பெட்டியைப் பிட்டத்தின் மேற்பகுதியிலோ இடுப்பின் பக்கத்திலோ தோலுக்கடியில் வைப்பார்கள். எந்தப் பக்கம் என்பதை நீங்களும் சொல்லலாம். சுமை தாங்கும் பக்கம், கூடை உரசும் பக்கம், வண்டி இருக்கையின் பெல்ட் அழுத்தும் பக்கம் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ரீசார்ஜ் செய்யாத பேட்டரி சில ஆண்டுகளில் தீரும், அப்போது சிறு அறுவை செய்து பெட்டியை மாற்ற வேண்டும். ரீசார்ஜ் செய்வது ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் உழைக்கும், ஆனால் அதை ஒழுங்காக சார்ஜ் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் நாள்கணக்கில் மின்சாரம் போகும் ஊர்களில் இருப்பவர்கள் கடைசி நிமிடம் வரை காத்திருக்காமல், பாதி குறைந்ததுமே நிரப்பிவிடும் பழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: முதல் இரண்டு மாதங்கள்

இந்தச் சிகிச்சையில் அடிக்கடி நேரும் கோளாறு கம்பி இடம் நகர்ந்துவிடுவது. கம்பியைச் சுற்றித் தழும்பு இறுகும் வரை, ஆறு முதல் எட்டு வாரங்கள், குனியாமலும் இடுப்பைத் திருப்பாமலும் கைகளைத் தலைக்கு மேல் தூக்காமலும் கனமானவற்றை எடுக்காமலும் இருக்க வேண்டும். சமவெளியில் இதைக் கடைப்பிடிப்பது ஓரளவு எளிது. மலையில் விறகும் தண்ணீரும் சிலிண்டரும் படியேறித்தான் வீட்டுக்கு வருகின்றன. கேரட் தோட்டத்தில் குனியாமல் எந்த வேலையும் இல்லை. ஆகவே அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்பே, இந்த இரண்டு மாதம் யார் எதைச் செய்வார்கள் என்று குடும்பத்தில் பேசி முடியுங்கள். மேலே திரும்பும்போது பின்னிருக்கையில் சாய்ந்து, வளைவுகளில் உடல் முறுக்காதபடி தலையணை வைத்துக்கொண்டு மெதுவாக வாருங்கள்.

எழுந்து நிற்கும்போதும் மல்லாந்து படுக்கும்போதும் தண்டுவடத்துக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி மாறுவதால், படுத்தவுடன் துடிப்பு திடீரெனப் பலமாகத் தெரியக்கூடும். அச்சப்பட வேண்டியதில்லை. படுக்கைக்கு ஒன்று, நடைக்கு ஒன்று, படி ஏறி இறங்குவதற்கு ஒன்று எனத் தனித்தனி அமைப்புகளை ரிமோட்டில் பதிந்து தரச் சொல்லுங்கள். இதற்கு ஓரிரு முறை கீழே போக வேண்டியிருக்கும், அந்தப் பயணத்தைத் தவிர்க்கக் கூடாது.

ஏழாம் படி: கருவியோடு வாழ்தல்

கருவியின் அடையாள அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முதலில் அட்டையைக் காட்டுங்கள். எல்லாக் கருவிகளோடும் எல்லா எம்.ஆர்.ஐ.யும் எடுக்க முடியாது. பிசியோதெரபி நிலையங்களில் உள்ள டயாதெர்மி என்ற வெப்பச் சிகிச்சையை ஒருபோதும் ஏற்கக் கூடாது. அது கம்பியைச் சூடாக்கித் தண்டுவடத்தைச் சுட்டுவிடும். என் தொழிலைச் செய்பவர்களும் நோயாளியிடம் கேட்காமல் அதைத் தொடங்கக் கூடாது. விமான நிலையச் சோதனை வாயிலில் அட்டையைக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்லலாம். விறுவிறுப்பு தெரியும் வகைத் தூண்டலை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்றே பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது, ஓட்டுவதற்கு முன் அதை நிறுத்த வேண்டும். வலி அடங்கினாலும் தோலின் மரப்பு அப்படியே இருக்கும் என்பதால், குளிருக்குக் கணப்பின் அருகே காலை நீட்டி உட்காருபவர்கள் கொப்புளம் வந்த பிறகே அறிகிறார்கள். வெந்நீர் ஒத்தடத்தின் சூட்டையும் நல்ல கையால் தொட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

பலன் குறைந்தால்

மாஸ்ட்ரிக்ட் நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வலியில் இருந்த வேறுபாடு வரவரக் குறைந்துபோயிருந்தது. ஆனாலும் கருவி பொருத்தியவர்களில் 95 விழுக்காட்டினர் இதே பலனுக்காக மறுபடியும் இதைச் செய்துகொள்வோம் என்றார்கள். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே நீங்கள் அறிந்திருக்க வேண்டும். முதுகு அறுவைக்குப் பின் நீடிக்கும் கால் வலி குறித்து நார்வேயில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், ஒருவகைத் தூண்டல் இயங்கியபோதும் நிறுத்தியிருந்தபோதும் வேறுபாடு தெரியவில்லை. அது விபத்து நரம்புக் காயத்தைப் பற்றிய ஆய்வு அன்று. ஆனால் நம்பிக்கையே ஓரளவு வலியைக் குறைக்கும் என்பதை அது நினைவூட்டுவதால்தான், சோதனை நாட்களில் கருவியை நிறுத்திப் பார்க்கச் சொன்னேன்.

பலன் திடீரெனக் குறைந்தால் முதலில் எக்ஸ்ரே எடுத்துக் கம்பி நகர்ந்ததா, முறிந்ததா என்று பார்க்க வேண்டும். மெல்ல மெல்லக் குறைந்தால் துடிப்பின் வகையை மாற்றிப் பார்ப்பார்கள். எதற்கும் மசியவில்லை என்றால் கருவியை எடுத்துவிடலாம். அந்த ஓட்டுநருக்கு மூன்றாம் ஆண்டில் வலி மறுபடி தலைகாட்டியது. நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போனார். எக்ஸ்ரேயில் கம்பி சற்றே இறங்கியிருந்தது. அதே கம்பியில் மேலே உள்ள மின்முனைகளுக்குத் துடிப்பை மாற்றி அமைத்தார்கள், அறுவை தேவைப்படவில்லை. அன்றிரவு வீட்டுப் படிகளை இரண்டு முறை நின்று ஏறியதாக நோட்டில் எழுதியிருக்கிறார்.